மூன்று வெள்ளைப் பறவைகள்

குடியிருக்க ஓர் ஏரி தேடி இரண்டு கொக்குகள் மூன்று நாளாகப் பறந்தன.

"அதோ, பெரிய வெள்ளைப் பறவை ஒண்ணு நிக்குது. மீன் இல்லாமலா நிக்கும்?" என்றது பெண் கொக்கு. முன்னால் இறங்கியவர்களைப் பார்த்துத்தான் கொக்குகள் இடம் பிடிக்கும். இரண்டும் இறங்கின.

காலடியில் வெடித்த தரை. நின்றிருந்தது, அன்னம் போலச் செய்த மிதிபடகு.

"தண்ணி எங்கே?"

"கரையைப் பாருங்க" என்றது படகு. கரை நெடுக, பூட்டிய விடுமுறை வீடுகள். "ஏரி அழகா இருக்குன்னுதான் வந்தாங்க. வீட்டுக்கு ஒரு போர்க்கிணறு போட்டாங்க. தண்ணி வத்தினதும் போயிட்டாங்க."

"உன்னைப் பார்த்துத்தானே இறங்கினோம்!"

"நான் இறங்கலையே. என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்களாவது கிளம்புங்க."

ஆண் கொக்கு இறக்கையை விரித்தது. மூன்று நாள் பறந்த களைப்பில் எழும்ப முடியவில்லை. "கொஞ்சம் நின்னுட்டுப் போறோம்" என்றது.

அப்போது உயரே ஒரு கொக்குக் கூட்டம் வந்தது. வராதீர்கள் என்று கத்தப் பெண் கொக்கு வாயைத் திறந்தது. வறண்ட தொண்டையிலிருந்து சத்தமே எழவில்லை.

"கீழே மூணு பேர் நிக்கிறாங்க, நல்ல ஏரிதான்" என்று சொல்லிக்கொண்டே முதல் கொக்கு இறங்கத் தொடங்கியது.