டிஜிட்டல் ரேடியோவும் மூன்று கேள்விகளும்

"டாஷ்போர்டுல கை வைக்காதீங்க! இன்னும் முடிவு பண்ணலை."

கணவர் போட்ட சத்தத்தில், ஸ்குரூ டிரைவரோடு காருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த ஸ்டீரியோக்காரர் தலையை இடித்துக்கொண்டார்.

"முடிவு பண்ணியாச்சு. நீங்க கழட்டுங்க" என்றாள் அவள்.

ஸ்டீரியோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் தலையைக் கொடுப்பதற்கா அவர் கடை திறந்தார்?

விஷயம் என்னவோ சின்னதுதான். காரில் இருக்கிற ஸ்டீரியோவோடு டிஜிட்டல் ரேடியோ சேர்க்க வேண்டும். ஸ்டீரியோவை மாற்றக்கூட வேண்டாம். அதற்குப் பின்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஏரியல், அவ்வளவே. அரை மணி நேர வேலை.

ஆனால் அந்த வீட்டில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது. கணவர் கணக்கு வாத்தியார் ஆயிற்றே! எதை வாங்குவதானாலும் அவருடைய மூன்று கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். தேவையா? அவசரமா? இதைவிட நல்ல வழி இருக்கிறதா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக, ஜன்னல் திரையிலிருந்து அவள் மூக்குக் கண்ணாடி ஃபிரேம் வரைக்கும் எல்லாம் அப்படித்தான் வந்தன. அவள் கேட்டது ஒன்றாக இருக்கும், வந்து சேர்வது வேறொன்றாக இருக்கும். அவளும் சரி சரி என்று தலையாட்டிவிடுவாள்.

இன்று அவள் விடுவதாக இல்லை. இதற்கும் தலையாட்டினால் ஆயுசுக்கும் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

"தேவையா?" என்று கணவர் ஆரம்பித்தார். "இருக்கிற ரேடியோ நல்லாத்தானே பாடுது?"

"உங்களுக்குப் பாடுது. எனக்குக் கரகரங்குது."

"சரி, அவசரமா?"

"ஆமா. இன்னைக்கே வேணும்."

"அப்படி என்ன தலை போற அவசரம்? நாளைக்கு எல்லா ஸ்டேஷனையும் இழுத்து மூடப் போறாங்களா? பாட்டு கேக்கணும்னா போன்ல கேட்டுட்டுப் போயேன். அதைவிட நல்ல வழி எது?"

"வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதேன்னு போன வாரம் எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது யாரு?"

ஸ்டீரியோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோலச் சமாளித்தார்.

"நீ ஓட்டுறதே வீட்டுக்கும் ரத்த வங்கிக்கும்தான். பத்து நிமிஷம்! ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவே."

"அந்தப் பத்து நிமிஷம் என்னோடது. வண்டியும் என் பேர்லதான் இருக்கு."

அவள் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. கணவரோ, மாணவன் ஒருவன் தன் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டதுபோல வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு ஸ்டீரியோக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. இது நம்ம ஊர்ல எடுக்குமா?"

ஸ்டீரியோக்காரர் தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொல்லணும்னா... நம்ம ஊருக்கு டிஜிட்டல் சிக்னல் இன்னும் வரலை சார்."

"ஆஹா!"

கணவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கடைச் சுவரில் ஒட்டியிருந்த சிக்னல் வரைபடத்துக்கு அருகில் போய், வகுப்பறையில் நிற்பதுபோல நின்றுகொண்டார்.

"இங்க பாரு. சிக்னல் இருக்கிற இடமெல்லாம் நீலம். நம்ம ஊர் வெள்ளை. நீலம் எங்க ஆரம்பிக்குது? பாலத்தைத் தாண்டணும், மலையைத் தாண்டணும், தலைநகரத்துக்கே போகணும். முந்நூறு கிலோமீட்டர்! இப்போ சொல்லு, சிக்னலே இல்லாத ரேடியோ உனக்கு எதுக்கு?"

அவள் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க மாட்டுங்க" என்றாள் ஸ்டீரியோக்காரரிடம்.

"மாட்டிடுவேன் மேடம். அப்புறம் ஒண்ணுமே கேக்கலைன்னு என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் கணவர். "ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. நல்லதுதானே?"

அரை மணி நேரமும் கணவர் கடை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஏரியலை ஒட்டி, டாஷ்போர்டை மூடி, ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எழுத்து ஓடியது. கணவர் குனிந்து உரக்கப் படித்தார்.

"'சிக்னல் இல்லை'. கேட்டுக்கோ, நல்லாக் கேட்டுக்கோ! இதுக்குத்தான் எதையும் என்கிட்ட கேட்டுச் செய்யணும்கிறது."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கணவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். கதவு திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினார். அவள் அதைப் பாதி இறக்கினாள்.

"கதவைத் திற. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நீங்க பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுங்க. தலைநகரத்துல கிடைச்ச பதவி உயர்வு வேண்டாம்னு என் பேர்ல ஒரு கடிதம் எழுதிக் குடுத்தீங்களே, அதை நான் ஆபீஸ்ல குடுக்கவே இல்லை, நாளைக்குக் காலையில அங்க வேலையில சேரணும், பெட்டியெல்லாம் டிக்கியில இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினாள்.