ஆறாம் எண்

சனிக்கிழமை தவறாமல் முரளிதரன் ஹேமலதாவின் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவான். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருந்தான். அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. இப்போதெல்லாம் வாரத்தில் அவன் அவளைத் தொடுவது அந்த ஐந்து நிமிடம்தான். நரம்பைத் தேடி முழங்கை மடிப்பில் மெல்லத் தடவுவான். அதற்காகவே அவள் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருப்பாள்.

அன்று அவன் பஞ்சு எடுக்க உள்ளே போனபோது, மேஜைமேல் திறந்து கிடந்த குறிப்பேடு கண்ணில் பட்டது.

'ஆறாம் எண். மனைவி. ரத்தத்தில் கார்ட்டிசால் ஹார்மோன் இரண்டு வருடமாக மிக அதிகம். காரணம், தீராத மனவேதனை. அது செல்லுக்குள் புகுந்து, செல்கள் ஒன்றையொன்று உதவிக்கு அழைக்கும் சைட்டோகைனின் சுரப்பை அடக்கிவிடுகிறது. குழாயில் கிருமியைக் கலந்தாலும் இவளுடைய செல்கள் உதவிக்குக் குரல் கொடுப்பதில்லை. அருமையான மாதிரி. இதே நிலை இன்னும் ஆறு மாதம் நீடித்தால் தனிக் கட்டுரையே எழுதலாம்.'

அவன் வந்து உட்கார்ந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் வழக்கம்போலத் தடவி, ஊசியை இறக்கி, "வலிக்குதா?" என்று கேட்டான்.

"உங்களுக்குத்தான் ரெண்டு வருஷமாத் தெரியுமே," என்றாள்.

அவன் விருட்டென்று நிமிர்ந்தான். குறிப்பேட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். ஆனாலும் குழாய் நிறையும்வரை ஊசியை எடுக்கவில்லை.