பாறை மேல் ஓக் கொட்டை

நாற்பதாவது ராத்திரியாகப் பொண்டாட்டிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு மலையேறினான் சபரிநாதன். சான்டா கிளாரா அபார்ட்மென்டில் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெண்களே கிடையாது. "எங்காத்து மனுஷர் குப்பையைக்கூட வெளில வைக்க மாட்டார்" என்று கீழ்வீட்டு அபயாம்பாள் ஆன்ட்டி நேற்றும் புலம்பினாள்.

ருக்மிணிக்குக் காட்டெலி ஆராய்ச்சி. இந்த எலிகள் குச்சிகளை இடுப்புயரம் குவித்து வீடு கட்டும். வாசலில் கூண்டு வைத்து, மாட்டியதை எடை போட்டு, காதில் நம்பர் தகடு குத்தி விட்டுவிட வேண்டும். ராத்திரியில் தனியாகப் போக யூனிவர்சிட்டி விடாது. கூட வந்த பெண்ணும் நின்றுவிட்டாள். "இன்னிக்கு ஒருநாள்தான்" என்று சொல்லித்தான் முதல் ராத்திரி வந்தான் சபரி.

அன்றைக்குப் பிடித்தது சனி. கையுறை மாட்டுவதற்காக, மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றிப் பாறைமேல் வைத்தான். திரும்பிப் பார்த்தால் மோதிரத்தைக் காணோம். அதே இடத்தில் ஒரு ஓக் கொட்டை. சுற்றிலும் தைலமரக் காடு, பேருக்குக்கூட ஓக் மரம் கிடையாது!

பளபளப்பதைத் தூக்கிக்கொண்டு பதிலுக்கு எதையாவது வைத்துவிட்டுப் போவது இந்த எலிகளின் வழக்கம். அன்றைக்குக் காரில் வரும்போதுதான் ருக்மிணி சொல்லியிருந்தாள். மோதிரத்தைத் தேடித்தான் மறுநாளிலிருந்து தினமும் டார்ச்சைத் தூக்கினான். வெறும் விரலைப் பற்றி அவள் இதுவரை கேட்கவில்லை என்பதொன்றுதான் அவனுக்கு ஆறுதல். ஆனால் மாமனார் நாளைக்கு பிளேனில் வந்து இறங்குகிறாரே!

"ருக்கு, இந்த ஒரு வீட்டை மட்டும் பிரிச்சுப் பார்க்கலாமா?"

"ஒரு குச்சி நகர்ந்தாலும் என் தீசிஸ் போச்சு. டார்ச்சை ஒழுங்கா அடிங்க."

கூண்டில் மறுபடியும் அதே இருபத்திரண்டாம் நம்பர் தடியன். வேர்க்கடலை வெண்ணெயை நக்கி முடித்து, சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டான். சபரியின் இடுப்பில் ஆபீஸ் பேஜர் வேறு துடித்தது.

"எங்கடா வச்சிருக்க?" பல்லைக் கடித்தான் சபரி.

"யாரை மெரட்டறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ருக்மிணி நோட்டை மூடினாள். "அப்பாடா, டேட்டா முடிஞ்சுது. இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஐயோ! இன்னும் ரெண்டு வாரம் வரேனே!"

அவள் சிரித்துக்கொண்டே ஜாக்கெட் ஜிப்பை இறக்கினாள். தாலிச் செயினில் கோத்திருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"அப்பா வர்றதுக்குள்ள போட்டுக்கோங்க."

சபரிக்கு வாய் குழறியது. "எ... எந்த எலி வீட்டுல கிடைச்சுது?"

"பாவம், எலி என்ன பண்ணும்? அந்தக் கொட்டையை வச்சதே நான்தான்."