தவளைகள் மெச்சிய கழுத்து

உன்னைக் காட்டும், ஆனால் உன்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அது என்ன, சொல் பார்க்கலாம்?

ஏரித் தண்ணீர்தான். அந்த ஏரிக்கரையில் அன்று ஒரே ஆர்ப்பாட்டம். விடிந்தால் வாத்துக் கூட்டம் மலை தாண்டி வடக்கே பறக்கப் போகிறது. வாத்துகள் எல்லாம் சிறகடித்துக் குதித்தன, வயிறு முட்டப் புல் மேய்ந்தன. பூவிரி என்ற சின்ன வாத்து மட்டும் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை.

"தின்னுடி கண்ணு. வெறும் வயித்தோட மலை தாண்ட முடியாது" என்றது அம்மா.

"பசியில்லம்மா."

பசித்தது. ஆனால் கரையில் கொக்கு வந்து நின்றால், தண்ணீரில் தெரியும் அதன் ஒல்லிக் கழுத்தைப் பார்த்துத் தவளைகள் எல்லாம் "அழகு, அழகு" என்று கத்தும். பூவிரி நின்றபோது ஒரே ஒரு தவளைதான் வாய் திறந்தது. "பூசணிக்காய் மிதக்குது டோய்" என்றது. கொக்கைப்போல் ஒல்லியாக வேண்டும் என்று அன்றோடு பூவிரி தின்பதை விட்டது.

பசியில் பூவிரிக்குத் தலை சுற்றியது. நாணல் புதருக்குள் ஒதுங்கியது. அங்கே கொக்கு ஒரு பெரிய மீனை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்து பந்துபோல் வீங்கியிருந்தது.

"கொக்கக்கா, நீங்க சாப்பிடுவீங்களா?"

"பின்னே? தவளைங்க முன்னாடி மட்டும் கழுத்து ஒல்லியாத் தெரியணும்னு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன். சில நேரம் கண்ணு இருட்டும். யார்கிட்டயும் சொல்லிடாதே, என்ன?"

மீன் இறங்கியதும் கொக்கு கரைக்குப் போய் நின்றது. தவளைகள் கத்தத் தொடங்கின. அந்தப் பக்கம் வாத்துக் கூட்டம் சிறகடித்துக் கூவியது.

பூவிரி அம்மாவின் பக்கத்தில் போய் நின்று புல்லைத் தின்றது.