வாயாடி சோபா

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்ற பதற்றத்தில் உட்காருகிறவரின் உடல்நிலையை உரக்கச் சொல்லும் சோபாவை ஊமையாக்க மறந்துவிட்டாள் பூங்கோதை. தங்கள் குடும்பப் பெருமையை வாசலிலிருந்தே பாடிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா திரிபுரசுந்தரி, அதில் கம்பீரமாக அமர்ந்தார்.

"எடை நூற்றிரண்டு கிலோ. கருப்பைப் புற்றுநோய் அபாயம் அதிகம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டதுண்டா?" என்று சபை நடுவே கேட்டது சோபா.

மகளின் சம்பந்தம் போயிற்று என்று பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா படுது," என்றார் திரிபுரசுந்தரி, பெருமையெல்லாம் இறங்கிய குரலில். "யார்ட்ட சொல்றதுன்னு தெரியல, சம்பந்தியம்மா."

"நாளைக்கே டாக்டர்ட்ட போலாம் வாங்க. இது தெனமும் என் மானத்தையும் இப்பிடித்தான் வாங்குது."

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால், கருப்பையோடு நோயும் போனது. கல்யாணத்துக்கு முன் சீர்வரிசைப் பட்டியல் திரிபுரசுந்தரியின் குறிப்போடு திரும்பி வந்தது. "பாத்திரம் பண்டமெல்லாம் வேணாம். அந்த வாயாடிய மட்டும் அனுப்புங்க."

வண்டியில் ஏற்றுமுன் பூங்கோதை அதில் கடைசியாக உட்கார்ந்தாள். "எண்பத்தாறு கிலோ!" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் கிளம்பியது.