முதல்ல விதி, அப்புறம்தான் காத்து

“நீ இங்க குந்தலாம் ஜோதிகா, ஆனா வாயத் தொறக்கக் கூடாது. பார்வையாளர்னா அப்படித்தான், விதி” என்றான் வல்லரசு.

ஜோதிகா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேசுவதற்காகத்தான் எர்ணாவூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தாள்.

திருவொற்றியூரில் கார்குழலி நடத்தும் டியூஷன் சென்டரின் மாடியில் ‘கொண்டல்’ செயலியின் மையக்குழு கூடியிருந்தது. கடலில் காற்று ஏறினால் மீனவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் இலவசச் செயலி அது. அதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தம் உள்ளே போக, மையக்குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ‘சரி’ சொல்ல வேண்டும். குழுவில் இருப்பதே நாலு பேர். அந்த நாலு பேருக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம்.

ஜோதிகாவின் திருத்தம் மூன்றே வரி. போன வாரம் காற்று சுழற்றி அடித்து, அவள் அப்பா தேசப்பனின் படகில் தண்ணீர் ஏறி, அவர் தட்டுத்தடுமாறிக் காசிமேட்டில் கரை சேர்ந்த பிறகுதான் செயலி ‘ஜாக்கிரதை’ என்று கூவியது. கோபத்தோடு நிரலைக் குடைந்து, எங்கே தாமதமாகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பியிருந்தாள். குழுவில் ஃபர்ஹான் ‘சரி’ சொல்லிவிட்டான். செல்வம் என்பவர் அவள் அனுப்பிய நிமிடமே ‘சரி’ சொல்லிவிட்டார். தலைவர் வல்லரசும் செயலாளர் கார்குழலியும்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் தேசப்பன் மறுபடி கடலுக்குப் போகிறார்.

“அவங்க நைனா நாளைக்குப் போறாரு மாமு. பாத்து வுட்டுடேன்” என்றான் ஃபர்ஹான்.

“பாத்தேனே, கரெக்டாதான் கீது. ஆனா அது நான் எழுதின எடம். தலைவரு எழுதினதுல வெளியாளு கை வெக்கலாமான்னு விதியில இன்னும் போடல. முதல்ல விதி, அப்புறம்தான் காத்து.”

“அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுடலாம். நானே பாத்துக்கறேன்” என்று கார்குழலி உடனே பதவியேற்றுக்கொண்டாள்.

ஜோதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களிடம் ஒரு படகைக் கொடுத்தால், யார் எங்கே உட்காருவது என்று முடிவாவதற்குள் அது மூழ்கியிருக்கும்.

“மழைக்காலம் வந்துகினு கீது, நீங்க துணைக்குழு போட்டுகினு கீறீங்க! வெளங்கிடும்!” ஃபர்ஹானின் குரல் ஏறியது.

“நீ பேசாத. கொழந்த பொறந்ததுலேர்ந்து ஒரு வரி எழுதினியா நீ? செல்வத்தப் பாரு. ஒரு திங்கக்கெழம தப்ப மாட்டாரு. கோடிங்குல பழசயெல்லாம் மாத்திப் புதுசு போட்டுகினே கீறாரு. என்னிக்காவது கூட்டத்துல குரல ஒசத்திருக்காரா?” என்றான் வல்லரசு.

“கூட்டத்துக்கு வந்தாத்தான ஒசத்த?”

“அவரு கூச்ச சுபாவம். கம்பெனி வேல வேற.”

செல்வத்தைக் குழுவில் சேர்த்தது வல்லரசுதான். மற்ற யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஓட்டு மட்டும் போனில் தவறாமல் வந்து சேரும். இப்படிப்பட்ட தங்கமான மனிதர் இந்தக் கும்பலில் எப்படி மாட்டிக்கொண்டார் என்று ஜோதிகாவுக்குப் பாவமாக இருந்தது.

வல்லரசு தொண்டையைச் செருமினான். “புதுத் தீர்மானம். ஆறு மாசமா கோடிங் எழுதாதவங்க மையக்குழுவுல கெடையாது. கம்ப்யூட்டரே பாத்துத் தூக்கிடும். அது யாரு மூஞ்சியும் பாக்காது.”

அவன் ஃபர்ஹானின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். விதி மாற்ற மட்டும் பெரும்பான்மை போதும். வல்லரசு, சரி. கார்குழலி, சரி. ஃபர்ஹான், முடியாது. தீர்மானத்தைப் போனில் அனுப்பிய கையோடு செல்வத்தின் ‘சரி’யும் வந்து விழுந்தது.

“இதுக்குப் பேருதான் பொறுப்பு” என்று சொல்லிக்கொண்டே கார்குழலி லேப்டாப்பில் புது விதியை ஏற்றி, பட்டனைத் தட்டினாள்.

ஃபர்ஹானின் போன் சிணுங்கியது. ‘நீங்கள் மையக்குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.’ வல்லரசு சிரிக்க வாயெடுப்பதற்குள் கார்குழலியின் போன் சிணுங்கியது. அடுத்து அவனுடையது.

“இன்னா மே பண்ணி வெச்ச?” என்று அலறினான்.

“நீ சொன்னத்ததான் பண்ணேன்! நீ கடைசியா எப்ப கோடிங் எழுதின?”

“ரெண்டு வருஷமா விதி எழுதிகினு கீறேனே, தெரியாதா உனக்கு?”

“நானும் அத்தத்தான திருத்திகினு இருந்தேன்...” கார்குழலியின் குரல் கம்மியது.

ஃபர்ஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அப்போ செல்வம் ஒருத்தர்தான் மிச்சம். போன் போடு மாமு, நம்மள திரும்ப சேத்துக்கச் சொல்லு.”

வல்லரசு போனைத் தொடவில்லை. லேப்டாப்பை இழுத்து எதையோ தட்டித் தட்டிப் பார்த்தான்; ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது.

அந்த நேரம் ஜோதிகாவின் போன் அதிர்ந்தது. அவளுடைய திருத்தத்துக்கு மையக்குழுவின் முழு ஒப்புதலும் கிடைத்துவிட்டதாம். குழுவில் மிஞ்சியிருக்கும் ஒரே உறுப்பினர்தான் எப்போதோ ‘சரி’ சொல்லிவிட்டாரே. செயலி புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. நாளைக்கு அப்பாவுக்கு எச்சரிக்கை நேரத்தோடு போய்விடும் என்ற நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது.

“அண்ணே, செல்வம் அண்ணன் வூடு எங்க கீது? எங்க நைனாகிட்ட சொல்லி நல்ல வஞ்சிரமா ஒண்ணு குடுத்து வுடணும். உங்க குரூப்புல அவரு ஒருத்தர்தான் மனுசன்!”

வல்லரசு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“மனுசனா? எனக்கு ஓட்டு பத்தலன்னு நானே எழுதி வுட்ட புரோகிராம்மா அது! நிறுத்தலாம்னா அத்தோட சாவி உள்ளார கீது, நான் வெளிய கீறேன்.”