ஊஞ்சலைச் சுற்றி நெல்

"யாரு பண்ணின வேலை இது?"

சிங்காரவேலு சார் போட்ட சத்தத்தில், பார்க் நடைபாதையில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊஞ்சலைச் சுற்றி நெல்! ஊஞ்சலிலிருந்து பக்கத்து விளக்குக் கம்பம் வரைக்கும், கால் வைக்க இடமில்லாமல் நெல்லைக் கொட்டிப் பரப்பியிருந்தது.

பார்க் திறந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் விளையாடவும், பெண்கள் லாரிக்குப் பயப்படாமல் நடக்கவும் ஊருக்கு ஓர் இடம் வேண்டுமென்று மனு மேல் மனுவாகக் கொடுத்து வாங்கியவர் சிங்காரவேலு சார்தான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கோபம் வராதா பின்னே?

"வேற யாரு சார், எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அக்காதான்" என்றாள் பூர்ணிமா. மகள் எழில்மொழியை ஊஞ்சலாட்டக் கூட்டி வந்தவள். "அங்க பாருங்க, வாசல்ல காலிச் சாக்கைப் போட்டு என்னத்தையோ மூடி வச்சிருக்காங்க."

"அதானே பார்த்தேன்!"

ஊருக்கே தெரிந்த கதைதான். பார்க் வருவதற்கு முன் இது நெல் காயவைக்கிற பொதுக் களம். கிராம சபையில் பொன்னுத்தாய் ஒருத்திதான் எழுந்து சண்டை போட்டாள். "புள்ளைங்க விளையாடட்டும், வேணாங்கல. களத்தை எடுத்துக்கிட்டா நாங்க நெல்லை எங்க கொண்டுபோய்க் காயவைக்கிறது?" அன்றைக்கு அவள் பேச்சு எடுபடவில்லை.

"ஆனா சார், இது பூவரச நிழலாச்சே, வெயிலே விழாது. ராத்திரி பேஞ்ச மழையில தரை வேற ஈரம். இங்கயா காயப் போடுவாங்க?" என்றாள் பூர்ணிமா.

"காயப் போடவா கொட்டியிருக்கா? எனக்கில்லாத இடம் எவனுக்கும் வேணாங்கற வீம்பும்மா இது! புள்ளைங்க விளையாடற இடத்துல போய்... சே, இப்படியும் ஒரு மனசா!"

அதற்குள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊஞ்சலை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நெல்லின் ஓரத்திலேயே நின்றார்கள்.

"நீ போடி, போய் ஆடு" என்று பூர்ணிமா மகளை லேசாகத் தள்ளினாள்.

"மாட்டேம்மா. நெல்லு கிடக்கு."

"ஓரமா கால வச்சுப் போயேன்."

"மிதிபடும்மா." எழில்மொழி அசையவில்லை.

சிங்காரவேலு சாருக்குப் பொறுக்கவில்லை. "பாவம், குழந்தைங்க பயப்படுதுங்க. நகருங்க, நான் வழி பண்றேன்."

வாக்கிங் ஷூவோடு நெல்லுக்குள் இறங்கினார். ஷூ நுனியால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எத்தித் தள்ளினார். நெல் சிதறிப் போய்ச் சேற்றில் விழுந்தது.

"ஐயோ, சாப்பிடற பொருளுங்க" என்று யாரோ முனகியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊஞ்சலை நெருங்கும்போது கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள விளக்குக் கம்பத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! சார், தொடாதீங்க!"

லைன்மேன் துரைராசுவின் பைக்கிலிருந்து, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தாள் பொன்னுத்தாய்.

நீட்டிய கை நீட்டியபடி சார் திரும்பினார். "வந்துட்டாங்கய்யா மகராசி! நெல்லு மேல கால் பட்டதும் எப்படித் துடிக்குது பாரு!"

"சார், பேசாம அப்படியே பின்னாடி வாங்க. எதையும் தொட்டுடாதீங்க!" துரைராசு வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்.

அந்தக் குரலில் இருந்த பதற்றம் சாரை அடக்கிவிட்டது. மெல்லப் பின்வாங்கினார்.

துரைராசு டெஸ்டரைக் கம்பத்தில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. ஊஞ்சலின் இரும்புச் சட்டத்தில் வைத்தார். அங்கேயும் எரிந்தது.

"அம்மாடியோ!" பூர்ணிமா மகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டதே அவள்தானே.

துரைராசு கையுறையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் மின்பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். "ஊஞ்சலுக்கு அடியில மண்ணுக்குள்ள போற ஒயருல மழைத்தண்ணி இறங்கி கரண்டு லீக் ஆகியிருக்கு. கை பட்டிருந்தா அவ்வளவுதான் சார்."

சார் தன் கையையே பார்த்துக்கொண்டார்.

பொன்னுத்தாய் மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விடியக்காலம் என் ஆட்டுக்குட்டி உள்ள பூந்து கம்பத்துல உரசுச்சு. கரண்டு அடிச்சுத் தூக்கி எறிஞ்சிடுச்சு. வாசல்ல சாக்கு போட்டு மூடியிருக்கேன் பாருங்க. சொல்லலாம்னா ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. இவருக்குப் போன் போட்டேன், எடுக்கல. வீட்டுக்கே ஓடினேன்."

"அப்ப இந்த நெல்லு?" என்று கேட்டாள் பூர்ணிமா.

"இன்னிக்குக் கொள்முதலுக்குக் கொண்டுபோகக் காயவச்சு மூட்டை கட்டியிருந்த குறுவை நெல்லும்மா."

சேற்றோடு கலந்து கிடந்தது அது. இனிமேல் எந்தக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள்?

சிங்காரவேலு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்மா... குறுக்கால ஒரு கயித்தைக் கட்டிட்டுப் போயிருக்கலாமே? யாராவது நெல்லைக் கொண்டாந்து கொட்டுவாங்களா?"

"கயித்தைக் கட்டினா புள்ளைங்க குனிஞ்சு பூந்துடும் சார். நம்ம ஊருப் புள்ளைங்க நெல்லை மட்டும் மிதிக்காது."

சொல்லிவிட்டு, நெல்லின் நடுவே வரிசையாகப் பதிந்திருந்த ஷூ தடத்தைப் பார்த்தாள் பொன்னுத்தாய்.

"பெரியவங்க மிதிப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல சார்."